எதிருரை இல்லை

எதிருரை இல்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும், நான் இன்னும் இந்தப் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், முழங்கால் வலி ஒரு காரணம், அது மட்டும் காரணம் இல்லை. அந்தப் பெண் என்றால் பூங்கோதை, என் வக்கீல், சட்ட உதவி மையத்தில் எனக்கு இலவசமாக ஒதுக்கிய வக்கீல், எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வயதுதான் இருப்பாள், இருந்திருந்தால், அது இப்போது வேண்டாம். கறுப்பு கவுன் ஒரு தோளில் மட்டும் தொங்க ஓடி வந்தாள், "அய்யா, அவங்க எதிருரையே போடலைங்கய்யா. நாம கேட்ட பன்னெண்டாயிரத்தையும் அப்படியே ஒத்துக்கறாங்களாம். இந்தக் கூட்டு மனுவுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா இன்னைக்கே உத்தரவு. இந்த மாதிரி நான் பாத்ததே இல்லைங்கய்யா," என்று மூச்சு வாங்கச் சொன்னாள், ஜெயித்த முகம், அந்த முகத்தோடு நானும் ஒரு தடவை ஓடியிருக்கிறேன். என் கையில் தாளைத் திணித்துவிட்டு இன்னொரு வழக்குக்காகக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டாள். ஒரே பக்கம். மனுதாரர் வெள்ளியங்கிரி, வயது அறுபத்திரண்டு. எதிர்மனுதாரர் நாகரத்தினம், வயது ஐம்பத்தாறு, அரசு மருத்துவமனைச் செவிலியர். பிரிந்து வாழ அனுமதி கேட்டு அவள் போட்ட வழக்கு முடிகிற வரைக்கும், வருமானம் இல்லாத கணவனாகிய எனக்கு, வருமானம் உள்ள மனைவியாகிய அவள், மாதாமாதம் வங்கிக் கணக்கில் செலுத்தச் சம்மதிக்கிறாள். அச்சடித்த தாள் கைக்கு வந்தால் முதலில் பிழை தேடுவது என் பழக்கம். இதில் பிழை இல்லை. ரத்தினம் என்று நான் கூப்பிடுகிற முப்பத்திரண்டு வருஷத்துப் பெண்டாட்டி முழுப் பெயரோடு எதிர்மனுதாரராக நிற்கிறாள், அதிலும் பிழை இல்லை, கீழே அவள் கையெழுத்து ஏற்கனவே இருக்கிறது, ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில் போடுகிற மாதிரி வேகமான சாய்ந்த கையெழுத்து, ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

கேட்டதை அப்படியே கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தொண்ணூற்றெட்டில் எங்கள் மில்லில் பதினோரு கோரிக்கை வைத்தோம், நான்கு கிடைத்தால் போதும் என்று சங்கத்துக்குள் பேசி வைத்திருந்தோம், மற்ற ஏழும் விட்டுக்கொடுப்பதற்காகவே எழுதியவை, கோரிக்கை எழுதுகிற எவனுக்கும் தெரிந்த முறை அது, கையில் விட்டுக்கொடுக்க ஏதாவது இருந்தால்தான் பேச்சுவார்த்தை நடக்கும், பேச்சுவார்த்தை நடந்தால்தான் எதிரில் இருக்கிறவன் முகத்தைப் பார்க்க முடியும். மேனேஜர் முதல் கோரிக்கையைப் படித்தார், சரி என்றார். இரண்டாவதுக்கும் சரி. காண்டீனில் தட்டு மாற்ற வேண்டும் என்கிற பதினோராவது வரைக்கும் சரி, அரை மணி நேரம்தான், நடுவில் ஏலக்காய் டீயும் முந்திரி போட்ட மிக்சரும் வந்தன. கேட்டுக்கு வெளியே என்னைத் தோளில் தூக்கினார்கள், வெடி வைத்தார்கள், மேலேயிருந்து நான் அவளைத் தேடினேன், டூட்டி முடிந்து வெள்ளைச் சேலையோடு சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள், சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "ஏனுங்க, ஒண்ணுக்குக்கூட அவிங்க முடியாதுன்னு சொல்லலீங்களா?" இல்லை என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் எனக்குச் சோறு போட்டபடி சொன்னாள், "எங்க வார்டுல, கேக்கறதெல்லாம் சாப்பிடக் குடுங்கன்னு டாக்டர் எழுதுனாருன்னா, நாங்க சொந்தக்காரங்களுக்கு ஆளனுப்புவமுங்க." இருபத்திரண்டு நாள் கழித்து கேட்டில் ஆலை மூடல் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதே கேட், வெடிக் காகிதம் இன்னும் ஓரத்தில் கிடந்தது. அன்றிலிருந்து எனக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சங்கத்தின் முழுநேர ஊழியன். ஊர் உலகத்துக்கெல்லாம் சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்தவன் என்று மேடையில் சொல்வார்கள், கை தட்டுவார்கள், தட்டிவிட்டுப் போய்விடுவார்கள், எனக்குச் சோறு அவள் சம்பளத்தில் வந்தது. ஆக அவளுக்குத் தெரியும். கேட்டதெல்லாம் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஜன்னல் பக்கத்து நாற்காலியில், மடியில் கைப்பை, என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறி ஒன்று தலைக்கு மேல் கடகடவென்று, எனக்கு இடது காது கேட்காது, மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் இரைச்சலில் பதினான்கு வருஷம் நின்றதில் போனது, ஆகவே பாதி கடகடதான். இடது பக்கம் இருக்கிறவர் காலையிலிருந்து என்னோடு பேசப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பி நல்ல காதைக் கொடுக்கிறேன், லேத் பட்டறை வைத்திருக்கிறாராம், நகத்திலெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. "ஏனுங், நீங்க குடுக்கறதா, வாங்கறதா?" என்று கேட்டார். வாங்கறது என்றேன். "புள்ளைககிட்டங்களா?" பெண்டாட்டிகிட்ட என்றேன். ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு அதே ஒரு சாண் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்புடிக்கூட சட்டம் இருக்குதுங்களா?" என்றார். இருக்குது, இருபத்து நாலாவது பிரிவு, கணவனோ மனைவியோ என்று போட்டிருக்கிறது, என்றேன். "அட, எனக்கு யாருமே சொல்லலீங்களே," என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டார். நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, எட்டாவதோடு சரி, மீதியெல்லாம் எட்டணாப் புத்தகங்கள், மாநாட்டு வாசலில் விற்கிற சிறு வெளியீடுகள், கூலி என்றால் என்ன, சட்டம் யாருக்கு, இப்படி முப்பத்திரண்டு பக்கத்தில் முடிகிற புத்தகங்கள்தான், குடும்பச் சட்டம் பற்றி ஒன்று சங்க அலமாரியில் இருந்தது, பெண்களுக்காகப் போட்டது, மகளிர் தினக் கூட்டத்துக்கு வாங்கி மீந்தது. அதில்தான் அந்த ஓ என்கிற எழுத்தைப் பார்த்தேன், கணவனோ. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் வழக்குப் போட்ட பிறகு ஆறு மாசமாக என் போனை எடுக்கவில்லை. சங்கத்துத் தோழர்கள் மூலம் தகவல் அனுப்பினேன், சரி என்று கேட்டுக்கொண்டாளாம், அவ்வளவுதான். பேசாத நிர்வாகத்தைப் பேச வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், கோரிக்கை வைப்பது. பன்னிரண்டு கேட்டால் ஐந்து என்பாள், பத்து என்பேன், ஆறு என்பாள், அதற்குள் நான்கு வாய்தா போய்விடும், நான்கு தடவை எதிர் எதிரே உட்காரலாம். ஏழுக்கு இறங்கி வருவதாகத் திட்டம். பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும், மாத்திரை இருக்கிறது, முழங்கால் இருக்கிறது, சங்க அலுவலக மாடியில் எத்தனை நாள் தோழர்கள் கொண்டுவருகிற பொட்டலத்தைத் தின்பது, மானம் இருக்கிறது. ஆனால் பணத்துக்காக மட்டும் என்றால் ஏழைத்தானே முதலிலேயே கேட்டிருப்பேன்.

கோட்டு ஒன்றை மடித்துக் கைப்பையின் மேல் வைத்திருக்கிறாள். டூட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். வெள்ளைச் சேலை போய் இப்போது வெள்ளைக் கோட்டு. இங்கிருந்தே தெரிகிறது, நீலம் திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறது, தோள் பக்கம் ஒரு திட்டு, பாக்கெட் பக்கம் இன்னொன்று. துணியைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதன்மேல் சொட்டு விட்டிருக்கிறாள். தண்ணீரில் நீலத்தை விட்டு, கையால் நன்றாக அலசி, நிறம் முழுக்கப் பரவின பிறகு துணியைப் பிரித்து முக்க வேண்டும், முக்கினவுடன் எடுக்க வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும். அவளுக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷம் அதைச் செய்தது நான். விடிவதற்கு முன்னால் குழாயடியில், வீதியில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குள், ஏனென்றால் தோழர் வெள்ளியங்கிரி பெண்டாட்டி சேலைக்கு நீலம் போடுகிறார் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது. மார்ச் எட்டாம் தேதி மேடையில் வீட்டு வேலையும் உழைப்பே என்று நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறேன், அன்றைக்கு விடிகாலையும் துவைத்துவிட்டுத்தான் போனேன், அதை மட்டும் மேடையில் சொன்னதில்லை. அவள் சொல்வாள், "வார்டுல எல்லாரும் கேக்கறாங்க, உங்க வீட்டுல யாருங்க சிஸ்டர் துவைக்கறாங்கன்னு. ஆளு வெச்சிருக்கறேன்னு சொல்லிப் போட்டனுங்க. தப்புங்களா?" தப்பில்லை என்றேன். "சம்பளம் எவ்வளவுன்னும் கேட்டாங்க. ரொம்ப அதிகம், கட்டுபடியாகலைன்னு சொன்னேன்," என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அந்தச் சிரிப்பு தோளில் தொடங்கும், முதலில் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். பூங்கோதை பிரமாணப் பத்திரம் எழுதும்போது தொழில் என்கிற இடத்தில் வேலை இல்லை என்று எழுதினாள். முழுநேர ஊழியர் என்று போடு என்றேன். சம்பளம் உண்டா என்றாள். இல்லை. "அப்ப வீட்டுல என்ன செஞ்சுட்டு இருந்தீங்கய்யா?" என்றாள், பாவம், சட்டப்படிதான் கேட்டாள். சொன்னேன். எதிர்மனுதாரரின் சீருடைகளைத் துவைத்தும் காலை உணவு சமைத்தும் வந்தார் என்று ஒரு வரி எழுதினாள். தட்டச்சான தாளைப் பார்த்ததும் பேனாவை வாங்கி அந்த வரியை நானே அடித்தேன், இரண்டு கோடு. என் கையால் நான் அடித்த ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அடிக்க வேண்டியதை அடிக்கவில்லை. ஏழு பெயர். ஏழில் ஆறாவதை அடித்திருக்கலாம், இல்லை, அதுவும் சரியில்லை, அடித்திருந்தால் கொள்கைக்குத் துரோகம், அடிக்காததால் இது. பதினாறு மாசத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தார்கள், நியாயமான போராட்டம், பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தும் நிரந்தரம் இல்லை, நான்தான் முன்னால் நின்றேன், நிரந்தரச் செவிலியரும் ஒரு நாள் மட்டும் உள்ளே போகாமல் இருந்தால் நிர்வாகம் பணியும் என்று கூட்டத்தில் நான்தான் பேசினேன். எல்லோரும் வெளியே நின்றார்கள், ஏழு பேர் மட்டும் உள்ளே போனார்கள். வழக்கம் என்ன, போனவர்கள் பெயரை நோட்டீசில் போடுவது. முதுகில் குத்திய கருங்காலிகள் என்று தலைப்பு, சிவப்பு மை. பெயர்ப் பட்டியலைத் தோழர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கொடுத்தார், பார்த்தேன், ரத்தினம், பச்சிளம் குழந்தைகள் பிரிவு, இரண்டாவது வார்டு. அன்றைக்குக் காலையில் எனக்கு முந்தி எழுந்து, தானே உப்புமா கிண்டி வைத்துவிட்டுப் போனவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் நின்றிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தோழர் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. சொந்தப் பெண்டாட்டி பெயரை விட்டுவிட்டான் என்று நாளைக்கு எவனாவது சொல்ல விடுவேனா. போட்டேன். ஆஸ்பத்திரி கேட்டில் பசை காய்வதற்குள் அவள் படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தாள், குளித்தாள், தோசை சுட்டாள், எனக்கு நான்கு வைத்தாள், அவளுக்கு இரண்டு. சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது சொன்னாள், "பேரைப் போட்டீங்க, சரி. நடுவுல ஒளிச்சு வெச்சுப் போட்டீங்க பாருங்க, ஆறாவதா. முதல்ல போட்டிருந்தா, அட மனுஷன் கொள்கைக்காரன்னு நானே நாலு நோட்டீசு ஒட்டியிருப்பேன்." வார்டு வரிசைப்படி போட்டேன் என்றேன். "ரெண்டாவது வார்டு ஆறாவதாத்தான் வருமுங்களா?" என்றாள். மறுநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் நான் வரும்போது நீங்க இருக்க வேண்டாமுங்க," என்றாள். கோபம் இல்லை குரலில். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது, சொல்லிவையுங்கள் என்கிற மாதிரி சொன்னாள்.

அவள் ஏன் உள்ளே போனாள் என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரியும். தொண்ணூற்றைந்தில், ஏழாம் மாசத்திலேயே பிறந்து, ஒரு கிலோகூட இல்லாமல், இரண்டு நாள் இருந்தது. நான் மறியலில் கைதாகிப் பதினைந்து நாள் ரிமாண்டில் இருந்தேன், தகவல் வந்தபோது மூன்றாவது நாள், வெளியே வந்தபோது வீடு பெருக்கிச் சுத்தமாக இருந்தது. "பொண்ணு," என்றாள், அந்த ஒரு சொல்தான், அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டாள், அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது நான், நல்ல விண்ணப்பம், காரணம் என்கிற இடத்தில் பணி ஆர்வம் என்று எழுதினேன். போதும். மூட்டைப்பூச்சி மாதிரி இந்தப் பெஞ்சுக்குள்ளிருந்து கடிக்கிறது. வேறு நினைக்கலாம். அந்த ஆள், சங்க அலுவலக மாடிக்கு ஒரு ஆள் வந்தான், நான் அங்கே குடிபோய் மூன்றாவது மாசம், பனியன் கம்பெனியில் வேலை, கையில் ஒரு பொட்டலம், இரண்டு லட்டு. அன்றைக்கு, அதாவது வேலைநிறுத்தம் நடந்த அன்றைக்கு, அவன் குழந்தை அந்தப் பிரிவில் இருந்ததாம், மூச்சு நின்று நின்று வந்ததாம், மத்தியானம் வரைக்கும் சிஸ்டர் ஒருத்தி கையாலேயே பம்பு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லையாம். இப்போது இரண்டரைக் கிலோ, வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்றான். எதற்கு என்னிடம் வந்து சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அவன் கம்பெனியில் சங்கம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான், உறுப்பினர் படிவம் கொடுத்து அனுப்பினேன். ஒரு லட்டை நின்றுகொண்டே தின்றேன், இன்னொன்றை ராத்திரி தின்றேன், நல்ல நெய். அவளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று தோன்றியது, என்ன சொல்வது, நோட்டீசைத் திரும்பப் பெறுகிறேன் என்றா, நாற்பது வருஷத்தில் நான் ஒரு நோட்டீசைத் திரும்பப் பெற்றதில்லை, போலீஸ் கேட்டும் பெற்றதில்லை. பண்ணவில்லை. ஐந்து மாசம் கழித்து அவளுடைய வழக்கு வந்தது. அதற்குப் பதிலாக நான் பன்னிரண்டாயிரம் கேட்டேன். அவள் சரி என்றுவிட்டாள். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது, நூல் அறுந்தால் அறுந்த இடத்திலேயே ராட்டை சுற்றிக்கொண்டிருக்கும், அப்படி. சரி என்றுவிட்டாள்.

வாசலில் டவாலி ஒரு பெயரைக் கூப்பிட்டார், லேத் பட்டறைக்காரர் எழுந்தார், எழுந்தவர் குனிந்து, "இருபத்து நாலுதானுங்களே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு உள்ளே போனார். அடுத்தது அல்லது அதற்கடுத்தது எங்களுடையது. கையெழுத்துப் போட்டால் மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் போனில் ஒரு செய்தி வரும், இன்ன தொகை வரவு என்று, அவ்வளவுதான், வருஷக் கணக்காக ஒரு செய்தி, அவள் கை படாமல். அதைக்கூட நான்தான் செய்தேன், ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்களுக்குக் காண்ட்ராக்டர் சம்பளத்தைக் கையில் கொடுத்து அப்போதே ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான், வங்கிக் கணக்கில் போடு என்று ஒன்பது நாள் உண்ணாவிரதம் இருந்து வாங்கிக் கொடுத்தேன், ஒன்பதாவது நாள் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து முடித்து வைத்தார்கள், யார் கொடுத்தது, அவள்தான், மேடைக்கு ஏறி வந்து, நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "மெதுவாக் குடிங்க, வாந்தி வரும்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. கையெழுத்துப் போடாவிட்டால், கேட்டதைக் கொடுத்தும் வாங்காத பைத்தியக்காரன். பேனா சட்டைப் பையில் இருக்கிறது. எடுக்கவில்லை. தாளில் என் பெருவிரல் ஈரம் படிந்துவிட்டது. என்ன கேட்டால் அவள் முடியாது என்று சொல்வாள், அதை யோசிக்கிறேன், நாற்பது வருஷமாக எதிரி சரி என்று சொல்கிற மாதிரி கோரிக்கை எழுதிப் பழகிய கை, முடியாது என்று சொல்ல வைக்கிற மாதிரி ஒன்று எழுதத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது ஜன்னல் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மாடிப்படி பக்கம் பார்த்தேன். பெஞ்சு அசைந்தது. வலது பக்கம். என் இடது பக்கமும் இடம் இருந்தது, லேத் பட்டறைக்காரர் எழுந்து போன இடம், தாழ்வாரத்தில் அவள் வந்த வழிக்கு அதுதான் கிட்டே, சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கம்தான், பஸ்ஸிலும் சினிமாவிலும், கேட்கிற காதின் பக்கம். டெட்டால் வாசனை. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்துப் போடலீங்களா?" என்றாள்.

"படிச்சிட்டிருக்கேன்."

"ஒரு பக்கத்த இவ்வளவு நேரமாங்க."

கோட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கிட்டத்தில் பார்த்தால் இன்னும் மோசம், காலர் முழுக்கத் திட்டு. நாக்கு நுனியில் பேச்சுவார்த்தை, நல்லெண்ணம், பரிசீலனை என்று எத்தனையோ இருந்தது, வாயிலிருந்து வந்தது, "நீலம் திட்டுத் திட்டாப் புடிச்சிருக்குது."

"தெரியுமுங்க."

"தண்ணியில கலக்கிப் போட்டு அப்பறந்தான் துணிய முக்கோணும்."

"இத்தன வருசமாச் சொல்லிக் குடுக்கல. இப்பக் கோர்ட்டுல வெச்சுச் சொல்லிக் குடுக்கறீங்க," என்றாள். மின்விசிறி கடகடத்தது. அவள் எழுந்து போய்விடுவாள் என்று பயமாக இருந்தது, எதையாவது சொல்ல வேண்டும், மாடியில் அடைத்து வைத்திருந்ததில் கைக்குக் கிடைத்ததைச் சொன்னேன், "அந்தக் குழந்தையோட அப்பன் வந்திருந்தான். பனியன் கம்பெனிக்காரன்."

"தெரியும். நாந்தான் அனுப்பினேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு லட்டு குடுத்தனுப்பினேன்," என்றாள். "ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ண எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வருவீங்கன்னு பாத்தேன். அந்த வாரம் பூராவும் பகல் டூட்டி மாத்தி வாங்கிக்கிட்டு, சாயங்காலமாப் பாத்தேன்."

தூது அனுப்பியிருக்கிறாள். நிர்வாகம் தூது அனுப்பியிருக்கிறது, தூதுவனிடம் உறுப்பினர் படிவம் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருஷம் எத்தனை மேஜை, எத்தனை பேரத்தை முகத்தைப் பார்த்தே படித்தவன்.

"ரெண்டையும் தின்னுட்டீங்களாக்கும்," என்றாள்.

"ஆமா."

"சக்கரை எவ்வளவு இருக்குது இப்ப?"

"பாக்கல." கனைத்தேன், தாழ்வாரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், மேடைக் கனைப்பு. "ஆறாவதாப் போட்டது தப்பு," என்றேன்.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "பேரைப் போட்டது?"

அந்தக் குழந்தை இப்போது நடக்கும். பதினாறு மாசம் ஆகிறது, நடக்கும், பல் வந்திருக்கும். சிவப்பு மை, கொட்டை எழுத்து, ஏழு பெயர், கீழே என் பெயர், பொதுச் செயலாளர். "அதுவும்," என்றேன்.

  பூங்கோதை மாடிப்படி ஏறி வந்து எங்கள் எதிரில் நின்றாள், "அய்யா, அடுத்து நம்மளுதுங்கய்யா," என்றாள், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் போகாமல் மேலே போனேன், வங்கிக் கணக்கில் என்கிற இரண்டு சொல்லின் மேல் இரண்டு கோடு அடித்தேன், பக்கத்தில் எழுதினேன், நேரில், கையில், மாதம் முதல் தேதி. பூங்கோதை, "அய்யா, என்னங்கய்யா பண்றீங்க," என்றாள். தாளை வலது பக்கம் நகர்த்தினேன். ரத்தினம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

"காண்ட்ராக்டர் கையில குடுக்கக்கூடாதுன்னு ஒம்போது நாள் பட்டினி கெடந்த மனுஷன் நீங்க," என்றாள்.

"அது வேற."

"ஒண்ணாந்தேதி முடியாதுங்க."

முடியாது. காதில் சரியாகத்தான் விழுந்தது, நல்ல காது. முடியாது என்று சொல்கிறாள்.

"ஏன்?"

"மொத வாரம் எனக்கு நைட் டூட்டி. பகல்ல தூங்கோணும். எட்டாந்தேதி."

"மாத்திரை ரெண்டாந்தேதியோட தீந்து போகும்," என்றேன். "மூணு."

"அஞ்சு. காலைல பதினோரு மணிக்கு மேல."

"அஞ்சு சரி. பத்தரை."

பூங்கோதை ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். வாசலில் டவாலி எங்கள் பெயரைக் கூப்பிட்டார், முதலில் அவள் பெயர், பிறகு என் பெயர். ரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மடித்து, கோட்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். தோள் குலுங்கியது, சத்தம் இன்னும் வரவில்லை.

"பத்தே முக்கால்," என்றாள். "அதுக்கு மேல எறங்க மாட்டேன்."